உழவர் சந்தையைப் பசுமையாக்கக் கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

குடியிருப்போர் சங்கம், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், நாலு நண்பர்கள் சேர்ந்த வாட்ஸ்அப் குழு என்று யாராவது அவ்வப்போது சந்தையைப் பசுமையாக்கக் கிளம்புகிறார்கள். நல்ல விஷயம்தான். பேனர் கட்டுகிறார்கள், மஞ்சப்பை கொடுக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் சந்தை பழையபடியே ஓடிக்கொண்டிருக்கிறது. சந்தை எப்படி நடக்கிறது என்று பார்க்காமலேயே திட்டம் போடுவதால் வரும் வினை இது. வடசேரி, மயிலாடி உழவர் சந்தைகளுக்கும், கருங்கல், திங்கள்சந்தை மாதிரி நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பழைய சந்தைகளுக்கும் இது பொருந்தும்.

முதல் தவறு நேரம். நிகழ்ச்சியைப் பத்து மணிக்கு வைப்பார்கள். சிறப்பு விருந்தினர் அப்போதுதான் வர முடியுமாம். உழவர் சந்தை விடிகாலையிலேயே களைகட்டிவிடும். பத்து மணிக்கெல்லாம் பாதிப் பேர் தராசைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாக்கைச் சுருட்டிக்கொண்டு இருப்பார்கள். அவர்களுக்குத் தோட்டத்தில் வேலை கிடக்கிறது. சரி என்று ஏழு மணிக்கு மைக் பிடித்தால் அது இன்னும் மோசம், வியாபாரம் சூடாக நடக்கும் நேரம் அது. விற்கிறவர்களிடம் பேச வேண்டுமென்றால் கூட்டம் தணிந்து, மிச்சக் காயை அவர்கள் தரம் பிரித்துக்கொண்டிருக்கும் அரை மணி நேரம்தான் தோது. மைக் வேண்டாம், பக்கத்தில் குத்தவைத்துப் பேசினால் போதும். ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் அதுவும் வேண்டாம். கேரளத்துக்கு ஏத்தங்குலையும் (நேந்திரன் வாழைக்குலை) காய்கறியும் போகிற சமயம் அது. யாரும் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

இரண்டாவது, இந்தச் சந்தையின் ஒழுங்கைத் தெரிந்துகொள்ளாமல் வருவது. 1999 நவம்பர் 14-ஆம் தேதி மதுரை அண்ணாநகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. இடைத்தரகர் இல்லாமல் விளைவித்தவரே விற்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. நிலத்தையும் பயிரையும் அதிகாரிகள் சரிபார்த்த பிறகே அடையாள அட்டை தருவார்கள். கடைக்கு வாடகை கிடையாது, தராசும் சந்தையிலேயே கிடைக்கும். மொத்த விலைக்கு மேலும் வெளிக்கடைச் சில்லறை விலைக்குக் கீழுமாகப் பார்த்து அன்றன்றைக்கு விலை வைத்துப் பலகையில் எழுதிவிடுகிறார்கள். அந்தப் பலகையைத் தாண்டி வந்துவிட்டு, "கிலோவுக்கு அஞ்சு ரூபா குறைங்க" என்று மல்லுக்கு நிற்பது, மலிவு விலையை இன்னும் கொஞ்சம் பிய்ப்பதுதான். பசுமை பேச வந்தவர்களே இப்படிப் பேரம் பேசினால், அப்புறம் அவர்கள் சொல்வது எதுவும் விற்கிறவர் காதில் ஏறாது.

இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கம் வெண்டைக்காய் நுனியை ஒடிப்பது. இளசா முற்றலா என்று பார்க்க ஒவ்வொரு காயாக ஒடித்து, பிடித்ததை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் குவியலிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். ஒடிந்த இடம் கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும், அடுத்து வருகிறவர் அதைத் தொடமாட்டார். "மக்கா, ஒடிச்சுப் போட்டுட்டுப் போனா இத நான் யாருக்கு விக்க?" என்று ஒரு அக்கா கேட்டதற்கு, கையில் துணிப்பை வைத்திருந்த அந்த அண்ணாச்சியிடம் பதில் இல்லை. சந்தையில் வீணாகும் காயைக் குறைக்க முதலில் இந்த விரல்களைத்தான் கட்டிப்போட வேண்டும். இளங்காய் வேண்டுமென்றால் விற்கிறவரிடமே கேளுங்கள், அவரே பொறுக்கித் தருவார்.

பை கொடுத்தால் பிளாஸ்டிக் போய்விடும் என்று நினைப்பது

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒரு முறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" என்கிற இயக்கம் தொடங்கியது. பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரங்களும் பல ஊர்களில் வந்துவிட்டன. இன்று நம் வீடுகளில் துணிப்பைக்குப் பஞ்சமே இல்லை. கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுத்தது, ஜவுளிக்கடையில் கிடைத்தது என்று கதவுக்குப் பின்னால் ஒரு கொத்தே தொங்குகிறது. இதற்கு மேலும் 500 பை அச்சடித்து விநியோகித்தால் கொத்து கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான்.

சந்தையில் நின்று கவனித்தால் சங்கதி வேறு மாதிரி இருப்பது தெரியும். பெரிய பையை நிறையப் பேர் கொண்டுதான் வருகிறார்கள். "தக்காளிக்கு மட்டும் ஒரு கவர் குடுங்க" என்கிற இடத்தில்தான் பிளாஸ்டிக் நுழைகிறது. தக்காளி நசுங்கும், ஈரக் கீரை மற்றதை நனைக்கும், பச்சைமிளகாய் இஞ்சியோடு கலந்துவிடும் என்று ஆளுக்கு நாலைந்து சின்னக் கவர் சேர்ந்துவிடுகிறது. ஆகவே வேண்டியது இன்னொரு பெரிய பை இல்லை, உள்ளே போடும் சின்னப் பைகள். பழைய வேட்டியையோ சேலையையோ கிழித்து, வாயில் நாடா கோத்துத் தைத்தால் போதும். அடி தட்டையான கூடை இன்னும் உத்தமம்: மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு), சேனை, தேங்காய் அடியில், தக்காளியும் கீரையும் மேலே. தராசுத் தட்டிலிருந்து நேரே கூடைக்குள் சரித்துவிடலாம்.

நம் மாவட்டத்தில் இதோடு மீன் என்கிற விஷயமும் இருக்கிறது. காய்கறி வாங்கிவிட்டு வரும் வழியில் சாளையோ அயிலையோ வாங்காமல் வீட்டுக்குப் போகிறவர் குறைவு. மீன் துணிப்பையில் வராது; கவருக்குள் கவர் என்று ரெட்டைக் கவர் போட்டுத்தான் வரும். காய்கறிச் சந்தை வாசலில் மஞ்சப்பை கொடுத்துவிட்டு மீனைப் பற்றிப் பேசாமல் விட்டால் பாதி வேலை அப்படியே நிற்கும். மூடி வைத்த தூக்குவாளியோ சில்வர் பாத்திரமோ கூடையில் ஒன்று கிடந்தால் இதற்குத் தீர்வு வந்துவிடும்.

துணி மாதிரியே இருக்கும் ஒரு பை ஏமாற்றும். ஜவுளிக்கடைகளில் கலர் கலராகக் கொடுப்பார்களே, நெய்யாத துணிப்பை என்று. அது பாலிப்ரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்தான், தடைப் பட்டியலில் அதுவும் உண்டு. பசுமை நிகழ்ச்சியில் தேநீர் ஊற்றும் பேப்பர் கப்பும் அதே கதை. உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், அந்தக் கப்பும் தடை செய்யப்பட்டதே. ஸ்டீல் டம்ளரை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

விற்கிறவர்மேல் பாய்வதும் தவறு. கவர் இல்லை என்று ஒரு கடைக்காரர் மட்டும் சொன்னால், ஆள் பக்கத்துக் கடைக்கு நகர்ந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். சந்தை முழுக்க ஒரே நாளில் நிறுத்த வேண்டும், அதையும் அவர்களே பேசி முடிவு செய்ய வேண்டும். அபராதம் போட அதிகாரிகள் இருக்கிறார்கள். தன்னார்வலர் அந்த வேலையைக் கையில் எடுத்தால் கவர் மேசைக்கு அடியில் போகும், வேறொன்றும் நடக்காது. கவர் இல்லாத காலத்தில் ஓலைப்பெட்டி, கடவம், வாழையிலை, வாழைநார் என்று இதே ஊரில்தான் சாமான் கட்டினார்கள். வாழைநாரால் கீரைக்கட்டு கட்டும் கைகள் இன்னும் சந்தையில் இருக்கின்றன. ரப்பர்பேண்டுக்கு மாறிவிட்டவர்களிடம் பழையதை ஞாபகப்படுத்தினாலே போதும். மிச்சக் கீரை மாட்டுக்குப் போகும்போது ரப்பர்பேண்டும் சேர்ந்துதான் வயிற்றுக்குள் போகிறது என்பதை மாடு வளர்க்கிறவரிடம் விளக்க வேண்டியதே இல்லை.

உரக்குழி ஏன் நாறுகிறது

நிறையத் திட்டங்கள் கவிழ்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்கள் ஈரக் கழிவை முடிந்தவரை அங்கேயே கையாள வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளிலேயே இருந்தது. அதை நம்பி ஒரு குழி வெட்டி, முட்டைக்கோஸ் இலை, அழுகிய தக்காளி, பூசணித் துண்டு எல்லாவற்றையும் கொட்டி மூடுவார்கள். ஒரு வாரத்தில் புழு, ஈ, நாற்றம். அக்கம்பக்கத்தார் புகார் கொடுப்பார்கள், குழி மூடப்படும். "கம்போஸ்ட் எல்லாம் சந்தைக்குச் சரிப்படாது" என்று பேர் வேறு வந்துவிடும்.

காய்கறிக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர். அதை மட்டும் குவித்தால் காற்றுப் புகாமல் அழுகும். மக்குவதற்குக் கரிச்சத்துள்ள காய்ந்த பொருள் வேண்டும்: கரிச்சத்து 30 பங்கு, தழைச்சத்து 1 பங்கு என்பது மோட்டாவான கணக்கு. நடைமுறையில் ஒரு கூடை ஈரக் கழிவுக்கு இரண்டு கூடை காய்ந்த இலை என்று வைத்துக்கொள்ளலாம். கலவையை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், தாரையாக ஒழுகினால் ஈரம் அதிகம்.

காய்ந்த இலைக்கு எங்கே போவது? குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டங்கள் மார்கழி, தை வாக்கில் இலையை மொத்தமாக உதிர்க்கின்றன. அப்போதே சாக்கில் கட்டி மழைபடாமல் வைத்துவிட்டால் ஆடிவரைக்கும் கவலையில்லை. கயிற்றுத் தொழில் நடக்கும் ஊர்களில் தென்னைநார்க் கழிவு கிடைக்கும். அது ஈரத்தை நன்றாக உறிஞ்சும், ஆனால் மக்க ரொம்ப நாளாகும், அதனால் அளவோடு போடுங்கள்.

அப்புறம் மழை. வெளி மாவட்டத்துக் காணொளியைப் பார்த்துக் குழி வெட்டுவதால் வரும் வம்பு இது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கொட்டுகிற ஊர் நம்முடையது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்ததும் அதனால்தான். இங்கே தரைக்குக் கீழே குழி எடுத்தால் ஜூனில் அது குளம். தரைக்கு மேலே, பக்கங்களில் காற்றுப் போக இடைவெளி விட்டுக் கட்டிய தொட்டி, மேலே ஓலையோ தகரமோ கூரை, கீழே வடிகால், இவை மூன்றும் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். வடியும் கறுப்புத் தண்ணீர் ஓடைக்குப் போகக் கூடாது. நாகர்கோவில் ஓடைகளில் விடுவது பழையாற்றில் கலந்து மணக்குடிக் காயலுக்குத்தான் போய்ச் சேரும்.

வாழைக்குலைத் தண்டையும், சீசனில் வந்து குவியும் சக்கை (பலா) மடலையும் முழுசாகப் போடாதீர்கள், ஆறு மாதமானாலும் அப்படியே கிடக்கும். விரல் நீளத்துக்கு வெட்டித்தான் போட வேண்டும். வெட்டுவது யார், தினமும் கிளறுவது யார் என்பதற்குப் பதில் இல்லையென்றால் தொட்டியே கட்ட வேண்டாம். தூய்மைப் பணியாளர் பார்த்துக்கொள்வார் என்று அவர் தலையில் கட்டுவது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது. சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டிய வேலை அது. உரம் யாருக்கு என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். கொட்டிய எடையில் கால்பங்குகூடத் தேறாது. அந்தக் கொஞ்சமும் சந்தையில் காய் விற்கிற விவசாயிக்கே, காலிச் சாக்கில் திரும்பிப் போவதுதான் முறை.

விதை, கன்று பரிமாற்றம்

கூட்டம் கூட இது நல்ல வழி. பாட்டிமார்கள் புடலை விதையோடு வருவார்கள், யாராவது காய்ச்சில் கிழங்கு கொண்டுவருவார்கள், பேச்சு தானாக ஓடும். மரக்கன்று விநியோகத்தைவிட எனக்கு இது பிடித்தமானது. ஆனால் இதிலும் இரண்டு இடத்தில் கவனம் தேவை.

கடையில் வாங்கிய வீரிய ஒட்டுரகத் தக்காளியிலிருந்தோ பூசணியிலிருந்தோ விதை எடுத்து "நாட்டு விதை" என்று கொடுப்பது ஒன்று. அடுத்த தலைமுறையில் தாய்ச்செடியின் குணம் சிதறிவிடும். ஆசையாக நட்டவர் அதோடு விட்டுவிடுவார். எங்கே, எத்தனை வருடமாகப் போட்டுவரும் விதை என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுங்கள்.

இன்னொன்று நம் மாவட்டத்துக்கு முக்கியம். மரச்சீனிக் கம்பையும் வாழைக்கன்றையும் கண்ணை மூடிக்கொண்டு கைமாற்றக் கூடாது. மரச்சீனியில் தேமல் நோய் கம்பு வழியாகவே அடுத்த தோட்டத்துக்குப் போகும். இலை திட்டுத்திட்டாக மஞ்சளித்துச் சுருண்டிருந்த செடியின் கம்பை வெட்டி வந்தால், பார்க்க அது நல்ல கம்பு மாதிரியேதான் இருக்கும். வாழையில் முடிக்கொத்து நோயும் அப்படித்தான், கன்றோடு வந்து அப்புறம் அசுவினிப் பூச்சி மூலம் பரவும். மட்டி வாழைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு "ஒரு மட்டிக் கன்று கிடைக்குமா" என்று கேட்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். தாய்மரத்தை நேரில் பார்த்தவர் கையிலிருந்து மட்டும் கன்று வாங்குங்கள், தாய்மரத்தின் இலைகள் உச்சியில் குறுகிக் கொத்தாக நின்றால் வாங்காதீர்கள்.

பலகை எழுதும்போது

எல்லாக் கடையிலும் "இயற்கை விவசாயம்", "நம்ம ஊர்க் காய்" என்று பலகை மாட்டுவது பார்க்க அழகாக இருக்கும். கேரட்டும் பீட்ரூட்டும் மலைப்பகுதியிலிருந்து வருகின்றன, வடசேரியில் விளைவதில்லை. வாங்குகிறவருக்கும் அது தெரியும். இரண்டு கடையில் பொய்ப் பலகை தொங்கினால் உண்மையான பத்துப் பலகையும் சந்தேகத்துக்குள்ளாகும். தானே விளைவித்து நேரடியாக விற்கும் சிறு விவசாயிக்கு 2017-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் இயற்கை விளைபொருள் சான்றிதழிலிருந்து விலக்குத் தருகின்றன. ஆனால் சான்று பெறாமல், இயற்கை விளைபொருளுக்கான ஜைவிக் பாரத் முத்திரையைப் போட்டுக்கொள்ள முடியாது. விலக்கு இருக்கிறதே என்று மருந்தடித்த பாவைக்காயை இயற்கை என்று விற்கவும் கூடாது. "ஊர்: தோவாளை. பறித்தது: இன்று காலை. மருந்து: வேப்பெண்ணெய் மட்டும்" என்று அவரவர் கடையில் உள்ளபடி சாக்பீஸால் எழுதச் சொல்லுங்கள். மருந்தடித்திருந்தால் எதை, எந்த நாளில் அடித்தார் என்று எழுதலாம். கடைசியாக அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்று மருந்து டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துப் பறிக்கிறவருக்கு இப்படி எழுதுவதில் கூச்சம் இருக்காது.

படம் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள், தராசில் காய் ஏறியிருக்கும்போது வேண்டாம்.