ஏற்காட்டிலிருந்து ஒரு கார்பன் விண்மீனைப் பார்ப்பதும், அதன் தூசியைப் புரிந்துகொள்வதும்

முதிர்ந்த கார்பன் விண்மீன்கள் (மேற்பரப்பில் ஆக்சிஜனைவிடக் கார்பன் மிகுந்தவை) சிறு கேலக்ஸிகளில் தூசியை எப்படி உண்டாக்குகின்றன என்று படிக்கத் தொடங்குபவர், முதலில் அத்தகைய விண்மீன் ஒன்றைத் தம் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. சிறு கேலக்ஸிகளில் இருப்பவை நமக்கு எட்டாது. ஆனால் நமது பால்வெளியிலேயே, முயல் (லெபஸ்) விண்மீன் தொகுதியில் உள்ள ஆர் லெபோரிஸ் என்ற கார்பன் விண்மீன், சேர்வராயன் மலையிலிருந்து சாதாரண 10×50 பைனாகுலருக்கே அகப்படும்.

இதற்கு ஏற்றவை தை அமாவாசையை ஒட்டிய இரவுகள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், நிலவும் இராது, இரவு எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் இந்த விண்மீன் தெற்கு வானில் ஏறத்தாழ 63 பாகை உயரத்தில் நிற்கும். ஏற்காடு என்றதும் பலரும் லேடீஸ் சீட்டுக்குத்தான் போவார்கள். அங்கே சேலம் நகரத்து விளக்கொளி நேராகக் கண்ணில் அடிக்கும் என்பதால், ஊருக்கு வடக்கே, சில்வர் ஓக் மரங்கள் வானத்தை மறைக்காத ஒரு திறந்த வெளியைப் பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பனி கண்ணாடி வில்லையில் படியும். உலர்ந்த பருத்தித் துணி ஒன்று கையில் இருக்கட்டும்.

ஓரியன் தொகுதியின் காலில் வெண்ணீலமாக ஒளிரும் ரைகலைப் பிடித்து, அங்கிருந்து தெற்கே 8 பாகை இறங்கினால் மியூ லெபோரிஸ் தெரியும். அதற்குக் கிழக்கே உள்ள பிரகாசமான ஆர்னெப் விண்மீனிலிருந்து மியூவுக்கு ஒரு கோடு இழுத்து, அதே திசையில் இன்னும் மூன்றரை பாகை நீட்டுங்கள். மியூவைப் பார்வைப் புலத்தின் கிழக்கு ஓரத்தில் நிறுத்திவிட்டால், மேற்குப் பாதியில் நிறத்தாலேயே தனித்துத் தெரிவது ஆர் லெபோரிஸ். அது பிரகாசமாக இருக்கும்போது செம்பு நிறமாகவும், மங்கும்போது அடர் சிவப்பாகவும் தோன்றும். அதன் பொலிவெண் (எண் கூடக்கூட விண்மீன் மங்கல்) ஏறத்தாழ பதினான்கரை மாதங்களுக்கு ஒருமுறை 5.5-க்கும் 11.7-க்கும் இடையே ஏறி இறங்குவதால், சில ஆண்டுகளில் தை மாதத்தில் பைனாகுலரில் தெரியாமல் போகலாம். அப்போது 4 அங்குலத் தொலைநோக்கி தேவைப்படும்.

அருகிலுள்ள, பொலிவெண் தெரிந்த இரண்டு விண்மீன்களோடு ஒப்பிட்டு இதன் பொலிவைக் குறித்துக்கொள்ளலாம். சிவப்பு விண்மீனை உற்றுப் பார்க்கப் பார்க்க அது உண்மையில் இருப்பதைவிடப் பிரகாசமாகத் தோன்றும். எனவே குவியத்தைச் சற்றே கலைத்துவிட்டு, கண்ணை மாறி மாறி ஓட்டி மதிப்பிட வேண்டும். உச்சப் பொலிவு எல்லாச் சுழற்சியிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. விண்மீன் தானே உமிழ்ந்த தூசி நம் பார்வைக்குக் குறுக்கே வருவதும் அதற்கு ஒரு காரணம்.

அந்தத் தூசி எப்படிப் பிறக்கிறது? சூரியனைப் போல ஏறத்தாழ ஒன்றரை முதல் நான்கு மடங்கு நிறையுள்ள விண்மீன், தன் இறுதிக் காலத்தில், உள்ளே உள்ள ஹீலியம் அடுக்கு விட்டுவிட்டுப் பொங்கும்போதெல்லாம், புதிதாக உருவான கார்பனை மேற்பரப்புக்கு வாரிக் கொண்டுவருகிறது. அங்கே கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்து கார்பன் மோனாக்சைடு ஆகின்றன. இந்தப் பிணைப்பு மிக உறுதியானது என்பதால், இரண்டில் எது குறைவாக இருக்கிறதோ அது முழுவதும் அதிலேயே செலவாகிவிடும். எஞ்சுவதே தூசியின் வகையைத் தீர்மானிக்கும். கார்பன் எஞ்சினால், விண்மீனின் துடிப்பு வாயுவை மேலே தூக்கி, வெப்பம் 1,500 கெல்வின் அளவுக்குத் தணிந்ததும், சிம்னி விளக்குக் கண்ணாடியில் படியும் புகைக்கரியைப் போன்ற நுண்துகள்கள் உறைகின்றன. விண்மீனின் ஒளி அத்துகள்களைத் தள்ள, அவை சுற்றியுள்ள வாயுவையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகின்றன.

சிறு கேலக்ஸிகளின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் அங்கே மிகக் குறைவு. ஆகவே தூசியும் அரிதாகத்தான் இருக்கும் என்று எண்ணத் தோன்றும். சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த சிலிகேட் தூசியைப் பொறுத்தவரை அது சரி; அதற்கு வேண்டிய சிலிக்கனை இத்தகைய விண்மீன் தயாரிப்பதில்லை, பிறக்கும்போது கிடைத்ததை வைத்தே சமாளிக்க வேண்டும். கார்பனையோ அது தானே ஆக்கிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, பிறவியில் கிடைத்த ஆக்சிஜனும் குறைவு என்பதால், சிறிதளவு கார்பன் மேலே வந்தாலே அது ஆக்சிஜனை மிஞ்சிவிடுகிறது. சிக்கனமான பிறப்பே இங்கே அனுகூலமாகிறது.

இதற்குச் சான்றும் உண்டு. சூரியனின் உலோக வளத்தில் (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்களின் அளவில்) ஏறத்தாழ 4 விழுக்காடே கொண்ட ஒரு கார்பன் விண்மீனைச் சுற்றித் தூசி இருப்பதை, ஸ்கல்ப்டர் குறுங்கேலக்ஸியில் ஸ்பிட்சர் அகச்சிவப்புத் தொலைநோக்கி கண்டதாக 2009-இல் ஆய்வு வெளிவந்தது. பின்னர் அதே தொலைநோக்கி, அருகிலுள்ள 50 குறுங்கேலக்ஸிகளை 3.6, 4.5 மைக்ரான் அலைநீளங்களில் இருமுறை படமெடுத்தது. இரண்டு படங்களுக்கிடையே பொலிவு மாறி, நீண்ட அலைநீளத்தில் மிகுந்து ஒளிர்பவை தூசி சூழ்ந்த முதிய விண்மீன்களாகக் கொள்ளப்பட்டன. உலோக வளம் 1 விழுக்காட்டுக்கும் கீழே உள்ள இடங்களிலும் அவை அகப்பட்டன. நீங்கள் பைனாகுலரில் செய்த அதே வேலைதான், நிறத்தையும் மாற்றத்தையும் பார்ப்பதுதான், அங்கேயும் நடந்தது.

ஒரு சிறு கேலக்ஸியையாவது பார்க்க விரும்பினால், ஆயிரக்கணக்கான கார்பன் விண்மீன்கள் கொண்ட பெரிய மெகல்லன் மேகம், ஆர் லெபோரிஸ் உச்சிக்கு வந்து அரை மணிக்குள் அதே தெற்குத் திசையில் தன் உச்சிக்கு வருகிறது. ஏற்காட்டிலிருந்து அதன் உயரம் 8 அல்லது 9 பாகைதான். அந்த உயரம் முழுவதையும் சேலத்தின் வெளிச்சம் விழுங்கிவிடும். அதற்கு ராமேசுவரம் அல்லது கன்னியாகுமரியில், தெற்கே கடல் மட்டும் உள்ள கரையைத் தேர்ந்தெடுங்கள்.