ஒளியோடு ஒளி மோதும் சோதனை: எங்கே சறுக்குகிறோம்?

இரண்டு டார்ச் விளக்குகளின் கதிர்கள் குறுக்கே வந்தால், ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் கடந்துவிடும். ஒளியும் மின்துகள்களும் ஊடாடுவதை விளக்கும் குவாண்டம் மின்னியக்கவியலில் மட்டும் இதற்கு நூலிழையளவு விலக்கு உண்டு. கணநேரம் தோன்றி மறைவதாகக் கருதப்படும் மெய்நிகர் எலக்ட்ரான், பாசிட்ரான் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) இணைகளின் வழியாக வெற்றிடத்திலேயே ஒளியை ஒளி சிதறடிக்கும். இயற்பியலாளர்கள் ஹைசன்பர்க்கும் ஆய்லரும் 1936-இல் இதற்குக் கணக்கு எழுதிவிட்டார்கள்.

இந்தச் சிதறலை ஆய்வகத்தில் பார்க்க லேசரின் திறனைக் கூட்டினால் போதும் என்ற நினைப்புதான் முதல் சறுக்கல். ஒரே திசையில் இணையாகப் போகும் ஒளி, எவ்வளவு செறிவாக இருந்தாலும், தனக்குள் மோதிக்கொள்ளாது. கதிர்கள் எதிரெதிரே வர வேண்டும். ஃபோட்டானின், அதாவது ஒளித்துகளின், ஆற்றலுக்கும் பெரிய பங்கு உண்டு. கட்புல ஒளி போன்ற குறைந்த ஆற்றல்களில் அது 10 மடங்கானால் சிதறும் வாய்ப்பு 10 லட்சம் மடங்காகும். ஒரு பக்கம் எக்ஸ் கதிர் லேசரை நிறுத்தும் திட்டங்கள் இதனால்தான் வந்தன.

'செர்ன் துகள் ஆய்வகத்தில் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டதே' என்பார்கள். அங்குள்ள அட்லஸ் ஆய்வுக் குழு 2017-இல் சான்று காட்டியது, 2019-இல் உறுதி செய்தது, உண்மைதான். ஆனால் அங்கே மோதியவை ஈய அயனிகளைச் சூழ்ந்த மின்புலத்தின் ஃபோட்டான்கள். லேசர் கதிர்கள் இரண்டை மோதவிட்டுப் பார்ப்பது வேறு வேலை.

என் கணிப்பில், மிக அதிகம் ஏமாற்றுவது 'வெற்றிடம்' என்ற சொல். 10⁻⁶ மில்லிபார் அழுத்தம், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் சுமார் நூறு கோடியில் ஒரு பங்கு என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அறை வெப்பத்தில் ஒரு கன சென்டிமீட்டரில் அப்போதும் சுமார் 2,400 கோடி மூலக்கூறுகள் திரிகின்றன. கதிர்கள் குவியும் 5 மைக்ரான் பக்கமுள்ள பகுதிக்குள் மூன்று அகப்படும். லேசர் புலம் அவற்றிலிருந்து பிய்த்தெடுக்கும் ஒற்றை எலக்ட்ரான்கூட, கட்புல ஃபோட்டான் ஒன்றுக்கு இன்னொரு ஃபோட்டானைவிடச் சுமார் 10⁴⁰ மடங்கு பெரிய இலக்கு.

மூன்று கதிர்களைச் சந்திக்க வைக்கும் முறையில் இந்த ஏமாற்று இன்னும் நுட்பமானது. 800 நானோமீட்டரில் இரண்டு, 1300-இல் ஒன்று என்று பாய்ச்சினால், ஆற்றல் கணக்குப்படி (800-இன் இரண்டு ஃபோட்டான்களின் ஆற்றலிலிருந்து 1300-இன் ஒன்றைக் கழித்தால்) புதிய ஒளி 578 நானோமீட்டரில், பச்சை கலந்த மஞ்சளாகப் பிறக்க வேண்டும். உள்ளே விட்ட ஒளியில் அந்த நிறம் இல்லை என்பதால் வடிகட்டி எடுப்பது எளிது. அதனால் 578-இல் ஒரு ஃபோட்டான் வந்ததுமே கொண்டாடத் தோன்றும். மிஞ்சியிருக்கும் வாயுவும் அதே நிறத்தை, அதே திசையில் உமிழும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஒவ்வொரு கதிராக மறைத்துப் பார்த்தும் இதைப் பிரிக்க முடியாது, மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் வாயுவின் ஒளியும் நின்றுவிடும். அழுத்தத்தை மாற்றி மாற்றி அளக்க வேண்டும். வாயுவின் பங்கு அழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறும், வெற்றிடத்தின் பங்கு அசையாது. லேசர் ஒளி துடிப்புகளாக வருகிறது; 30 ஃபெம்டோநொடித் (நொடியின் கோடி கோடியில் 3 பங்கைவிடவும் நூறு மடங்கு சிறிய நேரம்) துடிப்பின் நீளம் 9 மைக்ரான்தான். அவ்வளவு குட்டையான மூன்று துடிப்புகளை ஒரே புள்ளியில், ஒரே கணத்தில் சேர்க்க, கொஞ்சம் வாயுவை வேண்டுமென்றே விட்டு அந்த மஞ்சளைத் தேடுவது நல்ல வழி. சேர்ந்தபின் வாயுவை வெளியேற்றிவிட்டு அளவீட்டைத் தொடங்கலாம்.