ஏர்கோன் கெடுவதற்கு முன் காட்டும் அறிகுறிகள்

சுங்கை சிப்புட் பக்கம் ஏர்கோன் பழுது பார்ப்பது என் தொழில். தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீடமைப்புப் பகுதிக்கு வந்த நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவது, ஏர்கோனைக் குளிர வைக்கும் கேஸ் விஷயத்தில்தான். குளிர் குறைந்தால் உடனே "கேஸ் ஏத்துங்க தம்பி" என்பார்கள். கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது. செம்புக் குழாய் நட்டில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கிறதா பாருங்கள். கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றினால் காசு கரிதான்.

அதற்கும் முன்னால் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். செம்மண் தூசி அடைத்தாலே உள்சுருளில் பனிக்கட்டி பிடிக்கும். கழுவிய பிறகும் பிடித்தால் நிறுத்திவிடுங்கள்; விடாமல் ஓட்டினால் கேஸை அழுத்தி ஓட்டும் கம்ப்ரஸரே போய்விடும்.

சுவரோரம் நீர் சொட்டினால் பெரும்பாலும் வடிகுழாயில் பாசி அடைப்பு.

வெளிப்பெட்டி உறுமுகிறது, காற்றாடி சுற்றவில்லையா? காற்றாடியைக் கிளப்பும் மின்தேக்கியான கெப்பாசிட்டரைச் சந்தேகப்படலாம். ஆனால் திறக்காதீர்கள் ஐயா, சுவிட்சை அடைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கும். எறும்பும் பல்லியும் புகுந்து போர்டு கருகுவதும் உண்டு. தீய்ந்த வாடை வந்தால் மெயின் பெட்டியிலேயே மின்சாரத்தை அடைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஏர்கோனில் உள்ள சின்ன விளக்கு மினுக்கினால் எத்தனை தடவை என்று எண்ணி, அதையும் போனிலேயே சொல்லுங்கள்.