பழைய வீட்டுக் கம்ப்யூட்டரை லினக்ஸுக்கு மாற்றுவது எப்படி: சத்துவாச்சாரியில் அக்கா வீட்டில் செய்தது

அக்கா வீடு வேலூர் சத்துவாச்சாரி ஃபேஸ் 2இல். சாயங்காலமானால் ஆறாவது முதல் பத்தாவது வரை படிக்கும் பிள்ளைகள் டியூஷனுக்கு வந்துவிடுவார்கள். அவர்களுக்கான கேள்வித்தாள், மாமாவின் ரயில் டிக்கெட், கரண்டு பில் எல்லாம் ஹாலில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில்தான். இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டுடிஸ்க். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். இந்த மெஷினில் இரண்டும் இல்லை. சர்வீஸுக்குக் கொண்டுபோன இடத்தில் "புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நான் பார்த்த வரையில் அந்த மெஷினில் எந்தப் பழுதும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்பாடியிலிருந்து போய் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம், அதில் ஒரு வகைதான் மின்ட். அன்று செய்ததை அதே வரிசையில் எழுதுகிறேன். கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தே இராதவரும் செய்யலாம், அவசரப்படாமல் இருந்தால் போதும்.

முதலில் ஒரு காகிதம்

கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால், வீட்டில் யார் அதில் என்ன செய்கிறார்கள் என்று எழுதுங்கள். பிரவுசரில் நடக்கும் வேலை எதுவானாலும் லினக்ஸிலும் நடக்கும். டிக்கெட், பேங்க், யூடியூப், மெயில் எதற்கும் கவலை வேண்டாம். வேர்டு, எக்செல் கோப்புகளை லிப்ரே ஆபிஸ் திறக்கும், அது மின்ட்டோடு சேர்ந்தே வருகிறது. டேலியும் ஃபோட்டோஷாப்பும் நேரடியாக ஓடாது. அவற்றை நம்பிப் பிழைப்பு நடக்கிறது என்றால் விண்டோஸை முழுதாக எடுத்துவிடாதீர்கள்.

அக்காவின் காகிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி ஒன்றே ஒன்று: "கேள்வித்தாள், தமிழ், பாமினி." பத்து வருஷக் கேள்வித்தாள்கள் பாமினி எழுத்துருவில் இருந்தன. "டேய், இதெல்லாம் போயிடுமாடா?" என்று அக்கா கேட்டாள்.

போகாது. ஆனால் இதைப் புரிந்துகொள்வது முக்கியம். பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் இருப்பது தமிழ் எழுத்தே இல்லை, ஆங்கில எழுத்துகளின் எண்கள்தான். அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுப்பது எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் அடித்தது எங்கே திறந்தாலும் தமிழாகவே தெரியும், 2010இல் தமிழ்நாடு அரசே அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆகவே இரண்டு வேலை. பாமினி எழுத்துருக் கோப்பைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மின்ட்டில் அதை இருமுறை க்ளிக் செய்து இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். அடிக்கடி தேவைப்படும் கோப்புகளை, விண்டோஸ் இருக்கும்போதே, என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மென்பொருளில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். நாங்கள் எல்லாவற்றையும் மாற்றவில்லை. பத்தாம் வகுப்புத் தாள்களை மட்டும் மாற்றினோம், அதற்கே ஒரு மதியம் போனது.

பேக்கப்

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் இந்த நான்கையும் வெளி ஹார்டுடிஸ்க்கில் எடுங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் மறக்காதீர்கள். எடுத்த பிறகு அந்த டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி நாலு படத்தையாவது திறந்து பாருங்கள்.

அப்புறம் அதைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிடுங்கள். 2019இல் என் சொந்த லேப்டாப்பில் பேக்கப் டிஸ்க்கைக் கழற்றாமலே இன்ஸ்டால் செய்தேன். அழிக்க வேண்டிய டிஸ்க் எது என்று கேட்ட இடத்தில் தவறானதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் அதோடு போயின. உறவினர் செல்போன்களில் இருந்து பொறுக்கிச் சேர்த்தது பத்துப் பதினைந்து படம்தான். இன்ஸ்டால் செய்யும் நேரத்தில் அந்த மெஷினோடு பேக்கப் டிஸ்க் இணைந்திருக்கவே கூடாது.

பென்டிரைவ் தயார் செய்வது

லினக்ஸில் பல வகை உண்டு. அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் படித்தவர்கள், விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் பார்த்திருப்பீர்கள், அது மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கியது. புதிதாக வருகிறவருக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட். கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று விண்டோஸ் பழகிய கைக்கு இடம் மாறாது. மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை அப்டேட் வரும். குறைந்தது 2 ஜிபி ராம், 20 ஜிபி இடம் வேண்டும், 4 ஜிபியும் 100 ஜிபியும் இருந்தால் நிம்மதி. ராம் 4 ஜிபியோ குறைவோ என்றால் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, அதற்கு மேல் என்றால் சின்னமன் பதிப்பு.

மின்ட்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது முழு மின்ட்டும் அடங்கிய ஒற்றைக் கோப்பை, இறக்குங்கள். கிட்டத்தட்ட 3 ஜிபி. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் தினம் ஒன்றரை, இரண்டு ஜிபி கணக்கு வைத்திருப்பவர்களுக்குப் பாதியில் நின்றுவிடும். பிராட்பேண்டு இருக்கும் வீட்டில் இறக்கிக்கொள்வது நல்லது.

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று வேண்டும். அதில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். விண்டோஸில் ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளைத் திறந்து, பென்டிரைவையும் ஐஎஸ்ஓவையும் தேர்ந்தெடுங்கள். ஸ்டார்ட் கொடுப்பதற்கு முன், கோப்புத் தேர்வுக்குப் பக்கத்தில் டிக் போட்ட மாதிரி ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் ஷா-256 என்று நீளமான எண் வரும். மின்ட் தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணும் இதுவும் ஒன்றாக இருந்தால் கோப்பு பழுதில்லாமல் வந்திருக்கிறது. பாதி கெட்ட கோப்பை வைத்துக்கொண்டு மெஷினைக் குறை சொல்லி நாளைக் கழித்தவர்கள் உண்டு, இந்த இரண்டு நிமிடத்தைத் தவறவிடாதீர்கள். பிறகு ஸ்டார்ட். எந்த முறையில் எழுதட்டும் என்று கேட்டால் அதுவே பரிந்துரைக்கும் ஐஎஸ்ஓ முறைக்குச் சரி கொடுங்கள்.

அழிக்காமல் ஓட்டிப் பார்ப்பது

எனக்கு லினக்ஸில் மிகவும் பிடித்த விஷயம் இது. எதையும் அழிக்காமல், பென்டிரைவிலிருந்தே முழு கம்ப்யூட்டரையும் ஓட்டிப் பார்க்கலாம்.

ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்து விண்டோஸை முழுதாக அணையுங்கள். சாதாரணமாக அணைத்தால் அது பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், பின்னால் அந்த டிஸ்க்கை லினக்ஸில் திறக்கும்போது எழுத விடாது. பென்டிரைவை மாட்டி, ஆன் செய்ததும், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12. எச்பி என்றால் எஃப்9. பட்டியலில் பென்டிரைவ் பெயரைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் மின்ட் திரை வந்துவிடும். வராமல் தடுத்தால் பயாஸில் (மெஷினின் அடிப்படை அமைப்புத் திரை) செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பை அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

இனிக் காகிதத்தை எடுங்கள். வைஃபை பிடிக்கிறதா? யூடியூபில் சத்தம் வருகிறதா? தமிழ்ச் செய்தித்தளம் எதையாவது திறந்தால் எழுத்து சரியாகத் தெரிகிறதா? பிரிண்டரை மாட்டினால் அடையாளம் காண்கிறதா? பென்டிரைவிலிருந்து ஓடுவதால் மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அக்கா வீட்டில் எல்லாம் ஓடியது, பிரிண்டர் தவிர. பழைய சின்ன லேசர் பிரிண்டர், அதற்கு லினக்ஸ் டிரைவர் சரியாக அமையவில்லை. எச்பி பிரிண்டர்களுக்கு அந்த நிறுவனமே எச்பிலிப் என்ற டிரைவர் தொகுப்பைக் கொடுக்கிறது. மற்றவற்றுக்கு மாடல் எண்ணைப் போட்டு முன்கூட்டியே தேடிப் பாருங்கள். அக்காவிடம் உள்ளதைச் சொன்னேன்: கேள்வித்தாளைப் பிடிஎஃப் ஆக்கித் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் எடுக்கலாம், அல்லது அச்சடிக்க மட்டும் பழைய விண்டோஸுக்குப் போகலாம். இரண்டாவதும் இருக்கட்டும் என்றாள்.

இன்ஸ்டால்

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது: முடிந்தால் 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) ஒன்று வாங்குங்கள். பழைய ஹார்டுடிஸ்க்கின் ஒயரைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியை மட்டும் மாட்டி அதில் மின்ட் போடுங்கள். பழைய டிஸ்க் அப்படியே இருக்கும். தப்பு நடந்தாலும் இழப்பு இல்லை. வேகமும் கூடும். பழைய மெஷின் தூங்கி வழிவதற்குப் பெரும்பாலும் அந்தச் சுழலும் டிஸ்க்தான் காரணம். அக்கா வீட்டிலும் இப்படித்தான் செய்தோம். கவரைத் திறந்த கையோடு உள்ளே இருந்த தூசியையும் பிரஷ்ஷால் தட்டினேன். நம் ஊர் மே மாத வெயிலில் ஃபேன் அடைத்துக்கொண்டால் எந்த மெஷினும் திணறும்.

பேட்டரி இல்லாத டெஸ்க்டாப் என்றால், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று இந்த வேலையில் இறங்காதீர்கள். பேப்பரில் முதல் நாளே அறிவிப்பு வரும்.

மின்ட் திரையில் இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட் என்ற சின்னத்தை இருமுறை க்ளிக் செய்யுங்கள். மொழி கேட்கும், தமிழும் பட்டியலில் உண்டு. மொழிபெயர்ப்பு எல்லா இடத்திலும் முழுமையாக இல்லை, முதல் முறைக்கு ஆங்கிலமே வைத்து, பிறகு மாற்றிக்கொள்ளலாம். பாட்டு, வீடியோ ஓடத் தேவையான மல்டிமீடியா கோடெக்குகளுக்கு டிக் போடுங்கள். அடுத்து வரும் திரைதான் முக்கியம். டிஸ்க்கை அழித்துவிட்டுப் போடுவதா, விண்டோஸுக்குப் பக்கத்தில் போடுவதா என்று கேட்கும். புது எஸ்எஸ்டி மட்டும் மாட்டியிருந்தால் அழிப்பதைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரே டிஸ்க் உள்ள லேப்டாப் என்றால் பக்கத்தில் போடுவதைத் தேர்ந்தெடுத்து, கோட்டை நகர்த்தி இடத்தைப் பிரியுங்கள். அதற்கு முன் விண்டோஸில் பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு போட்டிருந்தால் எடுத்துவிட வேண்டும். இன்ஸ்டால் நவ் அழுத்தும் வரை எதுவும் எழுதப்படாது. அழுத்துவதற்கு முன் டிஸ்க்கின் பெயரையும் அளவையும் வாய்விட்டுப் படியுங்கள்.

நேர மண்டலத்துக்கு கொல்கத்தா, அப்புறம் பெயர், பாஸ்வேர்டு. மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். முடிந்ததும் பென்டிரைவைக் கழற்றிவிட்டு ரீஸ்டார்ட்.

முதல் நாள் வேலைகள்

வெல்கம் திரை வரும். அதில் டைம்ஷிஃப்டை முதலில் அமையுங்கள். சிஸ்டம் இன்றிருக்கும் நிலையை அது சேமித்து வைக்கும், நாளை ஏதாவது கெட்டால் திரும்பலாம். உங்கள் படங்களுக்கு அது பேக்கப் ஆகாது. பிறகு அப்டேட் மேனேஜரைத் திறந்து எல்லா அப்டேட்டையும் போடுங்கள்.

பத்து வருஷம் தாண்டிய மெஷினில் தளங்கள் எதுவும் திறக்காமல் பாதுகாப்புப் பிழை வந்தால், கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற காசு மாதிரி பேட்டரி தீர்ந்துபோனால் தேதி பின்னால் போய்விடும். மாற்றினால் சரியாகிவிடும்.

தமிழ் தட்டச்சு: சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பைத் தேடிப் போடுங்கள். மெனுவில் இன்புட் மெத்தட் திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை லாக் அவுட் செய்து வாருங்கள். ஐபஸ் அமைப்பில் தமிழுக்குக் கீழே தமிழ்99 என்ற விசைப்பலகை முறை இருக்கும், சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் தட்டினால் தமிழும் ஆங்கிலமும் மாறும். பதிப்புக்குப் பதிப்பு இந்த மெனுக்கள் கொஞ்சம் இடம் மாறலாம்.

பாமினி பழகிய விரல்களுக்குத் தமிழ்99 முதல் வாரம் சிரமமாகத்தான் இருக்கும். அக்கா கோபித்துக்கொண்டு இரண்டு நாள் தொடவே இல்லை. உயிரெழுத்து இடது கையில், மெய் வலது கையில் என்ற ஒழுங்கு பிடிபட்டதும் வேகம் வந்துவிட்டது. அம்மா என்று அடிக்க அ, ம, ம, ஆ தட்டினால் போதும், நடுவில் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். "இதை முன்னாடியே சொல்லிருக்கக் கூடாதா" என்று போனில் கேட்டாள்.

பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டுவது

எல்லாம் நன்றாக ஓடினால் பவரை எடுத்துவிட்டு, பழைய ஹார்டுடிஸ்க்கின் ஒயரை மாட்டுங்கள். ஃபைல் மேனேஜரின் இடப்பக்கத்தில் அது தெரியும், கோப்புகளை அப்படியே இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். விண்டோஸ் வேண்டும் என்றால் ஆன் செய்யும்போது பூட் மெனுவில் அந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள். அங்கே கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டலாம். லினக்ஸ் மெஷினின் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆதரவு முடிந்த அந்த விண்டோஸை நெட்டில் இணைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பேங்க் வேலையை அதில் செய்யவே வேண்டாம்.

அக்கா வீட்டில் இப்போது விண்டோஸ் திறப்பது மாதாந்திரத் தேர்வுக்குத் தாள் அச்சடிக்கும் அன்று மட்டும்தான். மாமாவுக்குத் தட்கல் டிக்கெட் போடும் பக்கத்தை டெஸ்க்டாப்பில் ஒரு சின்னமாக வைத்துக் கொடுத்திருக்கிறேன். அடுத்த முறை போகும்போது ராமை 8 ஜிபி ஆக்க வேண்டும், அந்த மதர்போர்டில் இன்னொரு இடம் காலியாக இருக்கிறது.