டிராக்டருக்குப் பாட்டு செட், பின் விளக்கு, சார்ஜர்: ஒயரிங் செய்யும் முறை

டிராக்டரில் செட் மாட்டும்போது பெரும்பாலும் முதலில் கை போகும் இடம் ஹெட்லைட் சுவிட்ச்தான். அதன் பின்னால் கரண்ட் இருக்கும் ஒரு ஒயரைத் தேடிப் பிடித்து, தோலைச் சீவி, செட்டின் ஒயரைச் சுற்றி டேப் ஒட்டினால் அரை மணி நேரத்தில் பாட்டு கேட்டுவிடும். கொஞ்ச நாளில் அதே முடிச்சில் ஒரு சார்ஜர் ஏறும், பிறகு பின் விளக்கு இரண்டு. கம்பெனிக்காரன் அந்த ஒயரை ஹெட்லைட்டுக்கு மட்டும் கணக்குப் போட்டு விட்டிருக்கிறான். ராத்திரி தொழி உழவில் (சேற்று உழவில்) பியூஸ் போனால் பாட்டோடு ஹெட்லைட்டும் அணையும். பியூஸுக்குப் பதில் கம்பி சுற்றியிருந்தால் எதுவும் அணையாது, ஒயர்தான் உருகும்.

அதனால் புதிதாகச் சேர்க்கும் அத்தனைக்கும் பேட்டரியிலிருந்தே தனி ஒயர், தனி பியூஸ் பெட்டி. கம்பெனி ஒயரிங்கில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் தொடுவோம், அதுவும் ரிலேயைத் தூண்டுவதற்காக. ரிலே என்பது சின்ன கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்.

முதலில் ஆம்பியர் கணக்கு. 40-50 ஹெச்பி வண்டிகளில் 12 வோல்ட், 75 முதல் 88 ஏஹெச் (ஆம்பியர்-அவர்) வரை பேட்டரி இருக்கும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பல மாடல்களில் 36 ஆம்பியர். உங்கள் வண்டியில் எவ்வளவு என்பதை அதன் மேல் ஒட்டிய தகட்டில் பாருங்கள். கார் செட்டின் பின்னால் 10 ஆம்பியர் பியூஸ் இருக்கும். 27 வாட் எல்இடி விளக்கு ஒன்றுக்கு 2.25 ஆம்பியர், இரண்டுக்கு 4.5. இரண்டு முனை யூஎஸ்பி சார்ஜருக்கு 3. ஆக மொத்தம் 17.5. வண்டியின் சொந்த ஹெட்லைட் இரண்டும் 55 வாட் என்றால் அது ஒரு 9. இவ்வளவையும் 36 ஆம்பியர் தாங்கும், ஆனால் இன்ஜின் சுற்றில் இருக்கும்போதுதான். ஐடிலில் ஆல்டர்னேட்டர் அவ்வளவு தராது. எல்இடிக்குப் பதில் 55 வாட் ஹாலோஜன் இரண்டு போட்டால் அதுவே இன்னொரு 9 ஆம்பியர் தின்னும். இதற்கு மேல் தனி ஆம்ப்ளிஃபயர், பெரிய பேஸ் பெட்டி என்று போனால், பகலில் பாட்டு நன்றாகத்தான் இருக்கும், மறுநாள் காலையில் செல்ஃப் எடுக்காது.

வாங்க வேண்டியவை: 4 ஸ்கொயர் எம்எம் சிவப்பு, கறுப்பு ஆட்டோ ஒயர் தலா 4 மீட்டர், கிளைகளுக்கு 1.5, ஸ்பீக்கருக்கு 1 ஸ்கொயர் எம்எம். மூடியுள்ள 30 ஆம்பியர் பியூஸ் ஹோல்டர் ஒன்று. ஆறு வழி பியூஸ் பெட்டி. சாக்கெட்டோடு 12 வோல்ட் 30/40 ஆம்பியர் ரிலே இரண்டு. திம்பிள் (ஒயர் நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோக முனை), சூடுகாட்டினால் சுருங்கும் ஸ்லீவ், ஃப்ளெக்ஸிபிள் பைப், ரப்பர் குரோமெட் (தகட்டுத் துளையில் ஒயர் உரசாமல் காக்கும் வளையம்), கேபிள் டை. வீட்டு ஒயரிங்கில் மிச்சமானதை இதில் போட வேண்டாம். அதன் இழைகள் தடிமனானவை. டிராக்டர் அதிர்வில் திம்பிள் ஓரத்திலேயே ஒவ்வொன்றாக முறியும். தோலும் டீசலையும் சூட்டையும் அதிக நாள் தாங்காது.

வேலை தொடங்கும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனையைத்தான் முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அது கடைசி. பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் நழுவி பாடியில் பட்ட நொடியில் பேட்டரி முழு பலத்தோடு ஷார்ட் ஆகும். மிகப் பழைய வண்டி என்றால் பாடியில் இறங்கியிருப்பது நெகட்டிவ்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் பாடியில் இறங்கிய (பாசிட்டிவ் எர்த்) வண்டியில் இன்றைய செட்டை நேரடியாக மாட்ட முடியாது.

30 ஆம்பியர் பியூஸை பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் வையுங்கள். பியூஸுக்கு முன்னால் இருக்கும் ஒயருக்குக் காவல் கிடையாது. அது நீளமாக இருந்து எங்காவது தகட்டில் உரசினால் எந்த பியூஸும் காப்பாற்றாது. அங்கிருந்து 4 ஸ்கொயர் எம்எம் ஒயர் டேஷ்போர்டு அருகே பியூஸ் பெட்டிக்கு வரட்டும். செட்டுக்கு 10 (சிவப்பு நிற பியூஸ்), விளக்குக்கு 7.5 (பழுப்பு), சார்ஜருக்கு 5 (மங்கிய மஞ்சள் பழுப்பு). பியூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரியதாக மாற்றுவதற்கு முன் ஒயர் எங்கே உரசுகிறது என்று தேடுங்கள்.

ரிலேயில் எண்கள் அச்சிட்டிருக்கும். 30-க்கு பியூஸ் பெட்டியிலிருந்து வரும் ஒயர், 87-லிருந்து விளக்குக்கு, 85 எர்த்துக்கு. 86-க்கு சாவியிலிருந்து சுவிட்ச் வழியாக வரும் சின்ன ஒயர். சாவியின் பின்னால் மல்டிமீட்டர் வைத்து, சாவி ஆஃபில் 0, ஆனில் 12 காட்டும் முனையை எடுங்கள். ரிலே காயில் கால் ஆம்பியர்கூட இழுக்காது என்பதால் கம்பெனி ஒயருக்குச் சுமையில்லை. இரண்டாவது ரிலே செட், சார்ஜருக்கு: இதில் 86 நேராகச் சாவிக்கு, நடுவில் சுவிட்ச் வேண்டாம். ஸ்டாப் நாபை இழுத்து இன்ஜினை நிறுத்தும் வண்டிகளில் ஒரு பொறி இருக்கிறது: இன்ஜின் நின்றாலும் சாவி ஆனிலேயே கிடக்கும், செட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். பின் விளக்குச் சுவிட்சாக, சாவி ஆனில் இருக்கும்வரை தனக்குள் சின்ன விளக்கு எரியும் ராக்கர் சுவிட்ச் போட்டால் இறங்கும்போது கண்ணில் படும்.

செட்டின் ஒயர் நிறங்கள் பெரும்பாலும் இப்படித்தான்; ஆனாலும் மேலே ஒட்டிய படத்தோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். மஞ்சள்: எப்போதும் பேட்டரி, நேராக 10 ஆம்பியர் பியூஸிலிருந்து. சிவப்பு: சாவி போட்டால் மட்டும், இரண்டாவது ரிலேயின் 87-லிருந்து. கறுப்பு: எர்த். நீலம் ஆன்டெனா மோட்டாருக்கானது. தேவையில்லை என்றால் முனையில் ஸ்லீவ் போட்டு மடித்து வையுங்கள், வெறுமனே தொங்க விடாதீர்கள். மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கிவிடும் வழக்கம் உண்டு. பேட்டரியில் அப்படிக் கொடுத்தால் செட் முழுதாக அணையாமல் சிலது ராத்திரி முழுக்க இழுக்கும். சாவியில் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் ஸ்டேஷனைத் தேட வேண்டும்.

ஸ்பீக்கர் ஒயரில்தான் அதிக செட்கள் சாகின்றன. வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா என நான்கு ஜோடி. ஒவ்வொன்றிலும் கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். இந்த நெகட்டிவ் எர்த் அல்ல. செட்டுக்குள் இருக்கும் ஐசி (ஒலியைப் பெருக்கும் சிப்) ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் தானே தள்ளி இழுக்கிறது; இரண்டிலுமே 6 வோல்ட் வாக்கில் நிற்கும். ஒயர் மிச்சம் பிடிக்கலாம் என்று ஸ்பீக்கரின் ஒரு முனையை மட்கார்டில் இறக்கினால் ஐசி போய்விடும். எல்லா நெகட்டிவையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அதே கதி. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு ஒயர் தனியாகப் போக வேண்டும். ஒரே ஜோடியில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரைப் பக்கவாட்டில் (பேரலலாக) இணைத்தால் 2 ஓம் ஆகிவிடும், அதையும் பெரும்பாலான செட்கள் தாங்காது. காகிதக் கோன் ஸ்பீக்கர் ஒரு மழைக்காலத்துக்கு மேல் வராது. பிளாஸ்டிக் கோன் எடுத்து, டாப்புக்கு (வண்டியின் மேற்கூரைக்கு) அடியில் கீழ் நோக்கிச் சாய்த்து மாட்டுங்கள்.

பல டிராக்டர் டேஷ்போர்டுகளில் செட்டுக்கு இடமே இருக்காது. 182க்கு 53 மில்லிமீட்டர் வாய் வெட்டிய தகட்டுப் பெட்டியை டாப் கம்பியில், ரப்பர் வாஷர் கொடுத்து, முன்முகம் சற்றுக் கீழே சாயும்படி மாட்டுவது நல்லது. பின்பக்கம் காற்றுக்கு வழி விடுங்கள், ஆனால் துளைகள் அடியில் இருக்கட்டும். கேஜ் வீல் (சேற்றில் உழ மாட்டும் இரும்புச் சக்கரம்) போட்டு உழும்போது சேறு எங்கெல்லாம் பறந்து ஒட்டுகிறது என்று மட்கார்டின் உள்பக்கத்தைப் பார்த்தாலே தெரியும். அந்தப் பாதையில் பியூஸ் பெட்டியோ ரிலேயோ வேண்டாம்.

எர்த்தை டாப் கம்பியிலோ மட்கார்டிலோ எடுக்காதீர்கள். நடுவில் பெயின்ட், துரு, ரப்பர் புஷ் என்று ஏதாவது ஒன்று இருக்கும். கறுப்பு 4 ஸ்கொயர் எம்எம் ஒயரை பேட்டரி நெகட்டிவ் வரை கொண்டுபோய் எல்லா எர்த்தையும் அதில் சேருங்கள். இன்ஜின் வேகம் ஏற ஏற ஸ்பீக்கரில் ஊளை ஏறினால் அது ஆல்டர்னேட்டர் சத்தம், அதற்குக் காரணம் பெரும்பாலும் மோசமான எர்த். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லாததால் பெட்ரோல் வண்டியின் டிக்டிக் தொல்லை இங்கே வராது. விளக்கைப் போட்டால் மட்டும் ரேடியோ இரைந்தால், குற்றவாளி மலிவு எல்இடிக்குள் இருக்கும் சர்க்யூட். ஆன்டெனா ஒயரை அதிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள்.

ஆன்டெனா எஃப்எம்முக்கு 75 சென்டிமீட்டர் போதும். அதன் அடிப்பாகம் பெயின்ட் சுரண்டிய இரும்பில் உட்கார வேண்டும். திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் ஏஎம் உள்ள செட்டாகக் கேட்டு வாங்குங்கள். மலிவு ப்ளூடூத் செட் பலவற்றில் அது இருக்காது. 1960-களில் தஞ்சைப் பக்கம் ஆடுதுறை 27 ரகத்துக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வரும் அளவுக்குப் பரப்பியது திருச்சி வானொலிதான்.

ஒயர் போகும் வழி: சைலன்ஸர், ஃபேன் பெல்ட், டீசல் பைப், ஹைட்ராலிக் லிஃப்ட் கைகள், கிளட்ச் பெடல் ராடு, இவற்றிலிருந்து ஒரு கையகலமாவது விலகட்டும். தகட்டைத் துளைக்கும் இடமெல்லாம் குரோமெட். டேப் மட்டும் சுற்றிய இணைப்பு வெயிலில் பிசுபிசுத்துக் கழன்றுவிடும். திம்பிள் அழுத்தி ஸ்லீவ் போடுங்கள். கொட்டகையில் எலி இருந்தால் ஃப்ளெக்ஸிபிள் பைப்பின் இரு வாயையும் அடைத்துவிடுங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு இன்ஜினை 1500 சுற்றில் வைத்து அனைத்தையும் போட்டு, பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். 13.2 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சுமை அதிகம், அல்லது பெல்ட் நழுவுகிறது. செட்டின் மஞ்சள் ஒயருக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒரு திம்பிள் தளர்வாக இருக்கிறது. கறுப்புக்கும் நெகட்டிவுக்கும் இடையே 0.2-க்கு மேல் வந்தால் எர்த் சரியில்லை.

கலப்பையையோ டிரெய்லரையோ வண்டியோடு சேர்த்து வெல்டிங் செய்யும் முன் பேட்டரி முனை இரண்டையும் கழற்றுங்கள், செட் சாக்கெட்டையும் பிடுங்கி வையுங்கள். பின் விளக்கைத் தார்ச்சாலையில் எரியவிட்டால் பின்னால் வருபவருக்குக் கண் கூசும், வயலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மஞ்சள் ஒயர் நினைவுக்காக 10 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்றால் மாதத்துக்கு 7.2 ஏஹெச் போகும். அறுவடை முடிந்து மூன்று மாதம் வண்டி சும்மா நின்றால் 75 ஏஹெச் பேட்டரியில் கால் பங்குக்கு மேல் இதுவே குடித்துவிடும், தானாக இறங்குவது தனி. பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் அதில் சேரும் எல்லா எர்த் ஒயருக்கும் நடுவில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வைத்து, கொட்டகையில் விடும்போது திருப்பிவிடுங்கள்.