மேடை மேலாளரின் பிரதியைத் தயார் செய்வது எப்படி?

முதலில் ஒரு வளையக் கோப்பு வாங்குங்கள். நாடகத்தின் ஒரு பக்கம், அதற்கு எதிரே ஒரு வெற்றுத்தாள் என்று அடுக்குங்கள். வெற்றுத்தாளில் யார் எங்கே நகர்கிறார், எந்த விளக்கு எப்போது மாறுகிறது என்று குறிக்க வேண்டும். பென்சில் மட்டும்தான். முதல் நாடகத்தில் நான் பேனாவால் எழுதினேன். கடைசி வாரத்தில் எந்த அம்புக்குறி இப்போதையது என்று எனக்கே புரியவில்லை.

இந்த வேலை பழையது. ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனில் முழு நாடகமும் பிரதிக் காப்பாளரிடம்தான் இருக்கும். நடிகருக்குத் தன் வசனமும், அதற்கு முன்னால் வரும் சில சொற்களும் மட்டும் சுருளாகக் கிடைக்கும். ‘ரோல்’ என்ற சொல்லே அந்தச் சுருளிலிருந்து வந்ததுதான். இன்று நாம் அறிந்த இயக்குநர் 19ஆம் நூற்றாண்டில்தான் வந்து சேர்ந்தார்.

சரி, காட்சி நேரம். விளக்கு மாறும் சொல்லை அடிக்கோடிடுங்கள். அதற்கு அரைப் பக்கம் முன்னால் ஹெட்செட்டில் சொல்லுங்கள்: “ஒளி 14, ஸ்டாண்ட்பை.” அதாவது, 14ஆவது விளக்கு மாற்றத்துக்குத் தயாராக இருங்கள். விளக்கை இயக்குபவர் பதில் சொல்லட்டும். அப்புறம் சொல் வந்ததும், “ஒளி 14, கோ.” ‘கோ’ எப்போதும் கடைசியில். ஹெட்செட்டில் வேறு எதற்கும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். ஒருமுறை பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன், மேடை இருண்டது.

பிரிட்டிஷ் அரங்கில் வேலை செய்தால் இன்னொன்று: நடிகர்களுக்கான ‘அரை மணி’ அழைப்பு, திரை உயர 35 நிமிடம் இருக்கும்போதே தரப்படும்.