பக்கை விடுங்கள், பெஞ்சைப் பாருங்கள்

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லில் பிளேஆஃப், அதாவது ஸ்டான்லி கோப்பைக்கான கடைசிக் கட்டச் சுற்றுகள், பார்க்கிறீர்களா? பயிற்சியாளரின் வேலை புரிய வேண்டுமானால் பக்கின் (பந்துக்குப் பதில் அடிக்கும் ரப்பர் வட்டு) பின்னாலேயே கண்ணை ஓட்டாதீர்கள். ஒரு வீரர் பனியில் முக்கால் நிமிடம்போல ஆடுவார், அப்புறம் மூச்சிரைக்கத் தடுப்பைத் தாண்டி, மாற்று வீரர்கள் உட்காரும் பெஞ்சில் வந்து விழுவார். அடுத்து யார் இறங்குவது என்பதில்தான் மொத்தச் சண்டையும். ஆட்டம் நிற்கும்போது வெளியூர் அணிதான் முதலில் ஆளை இறக்க வேண்டும், உள்ளூர் அணி அதைப் பார்த்துவிட்டு மாற்றலாம். எதிரணி நட்சத்திரத்தின் எதிரே யார் வந்து நிற்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்; 3ஆவது ஆட்டத்தில் ஊர் மாறியதும் அந்த வசதி மறுபக்கம் போய்விடும். ஒரு சுற்று முழுக்க அதே இரண்டு அணிகள்தான் மோதும்: சுற்றைத் தாண்ட 4 வெற்றி, கோப்பைக்கு மொத்தம் 16.

ஒரு கோல் பின்தங்கி, 2 நிமிடம்தான் பாக்கியா? சரி, கோல்கீப்பரைப் பாருங்கள். அவர் பெஞ்சுக்கு ஓடிவந்தால் ஆறாவது ஆள் தாக்க இறங்குவார், கோல் காலி. எனக்கு இன்னமும் வயிறு கலங்கும் இடம் அது.

ஒரு பயிற்சியாளர் ஓய்வு பெறும் விதத்துக்கு ஸ்காட்டி போமனைப் பாருங்கள். 2002இல் டெட்ராய்ட் அணியோடு பயிற்சியாளராகத் தன் 9ஆவது ஸ்டான்லி கோப்பையை வென்ற இரவிலேயே ஸ்கேட்டை மாட்டிக்கொண்டு கோப்பையோடு பனியில் சுற்றினார், ஓய்வையும் சொல்லிவிட்டார். பிறகு சிகாகோ அணிக்கு ஆலோசகராகப் போனார்.